மறுக்கத் தெரிந்த வாகனங்கள்

திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் தோன்றிய மோட்டார் வாகனங்களுள் ஜனங்களின் அபிமானத்தைப் பெற்று நிலைத்தவை எவை என்று கணக்கெடுக்கத் தொடங்கும் எவருக்கும், சிறிது தூரம் சென்றதும், விந்தையான ஓர் உண்மை புலப்படும். வேகத்தாலும் விலையாலும் அலங்காரத்தாலும் சிறந்த வண்டிகளைப் பற்றி நாம் வியந்து பேசுகிறோம். ஆனால் பெயர் சொல்லி, க்ஷேமலாபம் விசாரிக்கும் குரலில் நாம் நினைவுகூரும் வண்டிகள் பெரும்பாலும் மேட்டில் பாதி ஏறி நின்றுவிட்டவை, கதவு நேராக மூடாதவை, மழை பெய்தால் கூரை ஒழுகுபவை, அவசரமான வேளையில் எத்தனை முறை ஹாண்டில் போட்டுச் சுற்றினாலும் கிளம்ப மறுப்பவை. பழுதற்ற யந்திரத்துக்கு நம் மரியாதை கிடைக்கிறது. பாசமோ பழுதுள்ள யந்திரத்தின்மேல் போய்ப் படிகிறது. இது தற்செயலாக நேர்ந்ததா, சினிமா என்னும் கலையின் இயல்பிலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காரணம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு நடிகருக்கு முகம் உண்டு, கண் உண்டு, குரல் உண்டு. யானைக்கும் நாய்க்கும்கூட அவை உண்டு. ஆதலால்தான் சாண்டோ சின்னப்பா தேவரைப் போன்ற தயாரிப்பாளர்கள் மிருகங்களைக் கதாபாத்திரங்களாக்கித் தமிழ்நாட்டுக் கொட்டகைகளை நிரப்ப முடிந்தது. இரும்பாலும் ரப்பராலும் ஆகிய ஒரு பொருளுக்கோ அவற்றுள் ஒன்றும் கிடையாது. சொன்னபடி ஓடி, சொன்ன இடத்தில் நிற்கும் வரையில் அது ஓட்டுகிறவனுடைய கைகால்களோடு சேர்ந்த ஓர் அங்கமாகவே இருக்கிறது. படம் பார்க்கிறவர்கள் அவனைப் பார்க்கிறார்களே தவிர அதைப் பார்ப்பதில்லை. அது ஓட மறுக்கும் கணத்தில்தான் மனிதன் கீழே இறங்குகிறான், அதன் முன்னால் வந்து நிற்கிறான், அதை வைகிறான், கெஞ்சுகிறான், தட்டிக் கொடுக்கிறான். அப்போது திரையில் இருவர் இருக்கிறார்கள். நாடகம் என்பது இரண்டு விருப்பங்கள் ஒன்றோடொன்று மோதுவதால் பிறப்பதாயின், வாகனத்துக்கும் விருப்பம் என்று ஒன்று உண்டென நம்மை நம்பவைக்க டைரக்டருக்குக் கிடைத்த மிக எளிய சாதனம் அதன் பழுதே ஆகும்.

இந்த வகையில் முதலில் கருதத்தக்கது, 1953இல் ஹென்றி கார்னீலியஸ் இயக்கி வெளிவந்த 'ஜெனிவீவ்' என்னும் பிரிட்டிஷ் ஹாஸ்யச் சித்திரம். அந்தப் பெயருக்கு உரியது கதாநாயகி அல்ல. 1904ஆம் ஆண்டின் பிரெஞ்சு டராக் மோட்டார் ஒன்று, பாரிஸ் நகரத்தின் காவல் புனிதவதியின் பெயரைத் தாங்கி அங்கே வருகிறது. அதன் கதை விளங்க வேண்டுமானால் இங்கிலாந்தின் சட்ட சரித்திரத்தில் சிறிது பின்னே செல்ல வேண்டும். தானாக ஓடும் வண்டிகளுக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும் என்று அந்நாட்டில் நெடுநாள் விதி இருந்தது. 1896இல் அந்தக் கட்டு அவிழ்ந்து, மணிக்கு 14 மைல் வரை ஓட்டலாம் என்று அனுமதி பிறந்தபோது, அந்த விடுதலையைக் கொண்டாடும் பொருட்டு மோட்டார்க்காரர்கள் அவ்வாண்டு நவம்பர் 14ஆம் தேதி லண்டனிலிருந்து கடற்கரை நகரமான பிரைட்டனுக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். 1927இல் அந்த யாத்திரை நினைவு விழாவாகப் புதுப்பிக்கப்பட்டது. 1905க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்கே அதில் இடம்.

படத்தின் கதை மிகச் சிறியது. ஆலன் மக்கிம் என்ற இளம் வக்கீல் தன் மனைவியுடன் டராக்கிலும், அவனுடைய சிநேகிதன் ஆம்புரோஸ் தன் தோழியுடன் ஒரு ஸ்பைக்கர் வண்டியிலும் அந்த யாத்திரையில் பிரைட்டன் போகிறார்கள். அங்கே பழைய பொறாமை ஒன்று கிளறப்பட, திரும்பும் வழியில் யார் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை முதலில் எட்டுவது என்று 100 பவுன் பந்தயம் பிறக்கிறது. பந்தயம் என்றதும் எவரும் வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஓடுகிற நேரத்துக்குச் சற்றும் குறையாமல் அவ்விரு வண்டிகளும் சாலையோரத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. லண்டனை நெருங்கிய கட்டத்தில், வயோதிகர் ஒருவர் டராக்கைக் கண்டு அருகில் வந்து, தம் இளம் பிராயத்தில் தாமும் இப்படி ஒன்று வைத்திருந்ததாகப் பேசத் தொடங்குகிறார். எதிராளி முன்னே போய்க்கொண்டிருக்கிறான் என்று நன்கு அறிந்திருந்தும் ஆலன் அவர் பேச்சை அறுத்துவிட்டு ஓடுவதில்லை; நின்று கேட்கிறான். படத்திலுள்ள அத்தனை ஹாஸ்யத்தையும்விட இந்தச் சிறு தாமதத்தை நான் உயர்வாக மதிக்கிறேன். முடிவில் ஸ்பைக்கரின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்கி வேறு திசைக்கு இழுத்துக்கொண்டு போக, பாலத்துக்குச் சில கஜ தூரத்தில் உயிர்விட்ட ஜெனிவீவ் பிரேக் நழுவித் தானே உருண்டு எல்லையைத் தொடுகிறது. ஒரு வண்டியின் பழுதே அதற்கு வெற்றி தேடித் தருவதாகக் கதையை முடித்ததில் வில்லியம் ரோஸ் என்ற கதாசிரியரின் சாமர்த்தியம் விளங்கும். அதை ஓட்டிய ஜான் கிரெக்ஸன் என்ற நடிகருக்கு அந்தப் படத்துக்கு முன் மோட்டார் ஓட்டவே தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். வண்டியின்பால் அவர் முகத்தில் தோன்றும் கலவரம் முழுவதும் நடிப்பாயிராது.

ஆயினும் ஜெனிவீவின் பழுது வசதியுள்ளவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அதே பத்தாண்டில் நம் தேசத்தில் பழைய மோட்டார் என்பது பலருக்கு வயிற்றுப்பாடாக இருந்தது. அது அவ்வாறு ஆனதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928இல் பம்பாயில் சிவ்ரீப் பகுதியில் தொழிற்கூடம் அமைத்து, கப்பலில் பெட்டிபெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி ஷெவர்லே வண்டிகளை விற்கத் தொடங்கியது. சுதந்திரம் வந்தபின், 1953இல், பாகங்களை இங்கேயே உற்பத்தி செய்ய முன்வராமல் வெறுமே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்ற கொள்கையை அரசாங்கம் மேற்கொண்டது. அடுத்த ஆண்டிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தன் கூடத்தை மூடியது. ஃபோர்டும் ஏறக்குறைய அதே காலத்தில் விலகிக்கொண்டது. கல்கத்தாவை அடுத்து ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணத்தக்க தொழிற்சாலைகளே கார் உற்பத்தியில் எஞ்சி நின்றன. அதற்கு முன் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க வண்டிகள், பிறந்தகம் அற்றுப்போன மருமகள்களைப்போல், வாய்த்த இடத்திலேயே எப்படியாவது காலம் தள்ள வேண்டியவை ஆயின. மெக்கானிக்கின் கைத்திறனும் காயலான் கடையின் தயவும் அன்றி அவற்றுக்கு வேறு கதியில்லை. இந்தப் பின்னணியில் பார்க்கும்போது, 1958 என்ற ஒரே ஆண்டில், கல்கத்தாவிலிருந்து ஒன்றும் பம்பாயிலிருந்து ஒன்றுமாக, கிழட்டு ஷெவர்லேயை நடுநாயகமாக வைத்து இரண்டு படங்கள் வெளிவந்ததை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கல்கத்தாப் படம் ரித்விக் கட்டக்கின் 'அஜாந்திரிக்'. யந்திரத் தன்மை அற்றது என்று அதற்குப் பொருள். சுபோத் கோஷ் எழுதிய சிறுகதையைத் தழுவியது. ஹஜாரிபாக்கில் பிறந்து, பஸ் கண்டக்டராகவும் வேலை பார்த்த அந்த எழுத்தாளருக்கு மோட்டார்க்காரர்களின் உலகம் கேள்விஞானத்தால் வந்ததன்று. கட்டக்கும் அந்தப் பிரதேசத்துக்குப் புதியவர் அல்லர். 1955இலேயே சோட்டா நாகபுரிப் பீடபூமியின் ஆதிவாசிகளைப் பற்றிச் செய்திப்படம் எடுத்தவர். அவர் முதலில் எடுத்த 'நாகரிக்' 1952இல் முடிந்தும், அவர் காலமான பின்னரே, 1977இல், வெளிச்சத்துக்கு வந்தது. ஆகையால் கொட்டகைக்கு வந்த அவருடைய முதல் படம் 'அஜாந்திரிக்'தான். அலி அக்பர் கான் சங்கீதம் அமைத்தார். மறு ஆண்டில் வெனிஸ் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது. உள்ளூரில் வசூல் இல்லை.

பீமல் என்ற டாக்சி டிரைவர். அவனுக்கு 1920 வாக்கில் பிறந்த ஷெவர்லே ஒன்று. அதற்கு ஜகத்தள் என்று பெயர். பெண்டாட்டி பிள்ளையில்லை, சுற்றமென்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. டாக்சி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவனையும் அவன் வண்டியையும் சேர்த்துப் பரிகசிக்கிறார்கள். கதை என்று பார்த்தால் சவாரிகளின் வரிசைதான். மணமகனும் அவனுடைய மாமனும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போவதும், காதலனை நம்பி வீட்டைவிட்டு வந்த பெண் பிறகு கைவிடப்பட்டுத் தனியே நிற்பதும் அவற்றுள் சில. பீமலாக நடித்த காளி பானர்ஜி வண்டியோடு பேசும் காட்சிகளில், எதிரே மறுமொழி கூறும் ஒருவர் இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பாரோ அவ்வளவு நேரம் காத்திருந்து அடுத்த சொல்லைச் சொல்கிறார். அந்த இடைவெளிகளில்தான் ஜகத்தளுக்கு உயிர் பிறக்கிறது.

கட்டக் கையாளும் உபாயங்கள் மிகச் சில. பெரும்பாலானவை ஒலியைச் சார்ந்தவை. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும்போது, வெயிலில் நடந்து வந்தவன் சொம்பை வாங்கி மடக்மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்கிறது. பெண் ஒருத்தி ஏறி உட்கார்ந்ததும் ஹெட்லைட்டுகள் தாமே அசைந்து திரும்புகின்றன. தட்டுமுட்டுச் சத்தங்களுக்கிடையே யந்திரத்தில் பிறக்க முடியாத முனகல்களும் பெருமூச்சுகளும் புகுத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் இவற்றை நம்புவதா, பீமலுடைய பிரமை என்று கொள்வதா என்ற கேள்விக்கு டைரக்டர் கடைசி வரையில் விடை கூறுவதில்லை. சிறிது இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் படம் குழந்தைகளுக்கான மாயக்கதை ஆகியிருக்கும். அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் சித்தப் பிரமை பிடித்தவனின் வியாதி விவரமாகச் சுருங்கியிருக்கும். இரண்டிலும் விழாமல் முழுநீளப் படம் ஒன்றைக் கொண்டுசெலுத்துவது எளிதான காரியமல்ல.

நம் பக்கத்தில் ஆயுத பூஜையன்று லாரிக்கும் மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சார்த்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் வழக்கத்தை அறிந்தவர்கள் பீமலின் நடத்தையை அதோடு ஒப்பிடத் தூண்டப்படலாம். எனக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. பூஜையில் பயம் கலந்திருக்கிறது. யந்திரத்தினால் விபத்து நேராதிருக்க வேண்டும் என்ற பிரார்த்தனை கலந்திருக்கிறது. பீமல் ஜகத்தளைக் கும்பிடுவதில்லை. அதோடு சண்டை போடுகிறான், ஊடுகிறான், அதன் மானத்துக்காக மற்றவர்களோடு வாதாடுகிறான். இன்னும் நெருங்கிய சான்று படத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பிரதேசத்தில் வாழும் ஓராவோன் பழங்குடியினரின் நடனங்களையும் சடங்குகளையும் கட்டக் கதையின் ஓட்டத்தை நிறுத்திவைத்து நீளக் காட்டுகிறார். கதைக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அக்காலத்தில் கேட்டவர்கள் உண்டு. கல்லிலும் மரத்திலும் உயிரைக் காணும் அந்த ஜனங்கள், வெளியிலிருந்து வந்து புகுந்த யந்திரத்தையும் அதே கண்ணால் பார்த்துத் தம் உலகத்தோடு சேர்த்துக்கொள்ள வல்லவர்கள் என்பதும், பட்டணத்தானின் பார்வையில் பித்தனாகத் தோன்றும் பீமல் அவர்களுடைய பார்வையில் இயல்பானவன் என்பதும் அக்காட்சிகளால் பெறப்படும் பொருள் என்று நான் கொள்கிறேன். அவர்கள் பேசும் குருக் மொழி தமிழுக்குத் தூரத்து உறவான ஒரு திராவிட மொழி என்பதை அறிந்து பார்க்கும் நம்மவர்களுக்கு அந்தப் பாட்டொலிகளில் இன்னும் சற்று ருசி கூடலாம்.

ஜகத்தளின் மரணம் விவரமாகக் காட்டப்படுகிறது. கைவிடப்பட்ட பெண்ணின்பால் பீமலின் மனம் நெகிழத் தொடங்கியதிலிருந்தே வண்டியின் போக்கு கெடுகிறது. பொறாமை என்று அதை வியாக்கியானம் செய்தவர்கள் உண்டு. இருந்த பணத்தையெல்லாம் போட்டுப் புதிய பாகங்கள் வாங்கிப் பூட்டுகிறான். குணமாகிவிட்டதா என்று சோதிப்பதற்காகப் பெரும் பாறாங்கற்களை அதன்மேல் ஏற்றி மேட்டில் ஓட்டுகிறான். இந்த ஒரு செயலில் பாசமும் கொடுமையும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று பிரித்துச் சொல்ல முடியாது. வண்டி ஒடிந்துபோகிறது. பழைய இரும்பு வியாபாரி வந்து, எடை கணக்கில் விலை பேசி, துண்டு துண்டாக்கி ஏற்றிக்கொண்டு போகிறான். அந்த வேளையில் எங்கிருந்தோ ஹாரன் சத்தம் கேட்டுப் பீமல் திரும்புகிறான். கழன்று விழுந்த ஹாரனைக் குழந்தையொன்று கையில் வைத்து அமுக்கி விளையாடுகிறது. கண்ணீருக்கிடையே அவன் சிரிக்கிறான். இதற்கு இணையாக, கேஷ்டோ முகர்ஜி நடித்த புலாக்கி என்னும் பைத்தியக்காரன் ஒருவன் வருகிறான். நசுங்கிய அலுமினியப் பாத்திரம் ஒன்றை உயிராகப் போற்றித் திரிந்தவன், புதுப் பாத்திரம் கிடைத்ததும் பழையதை அடியோடு மறந்துபோகிறான். ஊரார் இருவரையும் ஒரே தராசில் நிறுத்தியிருந்தார்கள். டைரக்டரோ இருவருக்கும் உள்ள தாரதம்மியத்தை ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிடுகிறார்.

பம்பாய்ப் படம் சத்யேன் போஸ் இயக்கிய 'சல்தி கா நாம் காடி'. அசோக் குமார், கிஷோர் குமார், அனூப் குமார் என்ற மூன்று சகோதரர்களும் படத்திலும் சகோதரர்களாகவே வந்து மோட்டார் ரிப்பேர் ஒர்க் ஷாப் நடத்துகிறார்கள். அவர்களுடைய வாகனம் 1928ஆம் ஆண்டு ஷெவர்லே. மழை இரவில் மதுபாலாவின் கார் நின்றுபோக, கிஷோர் குமார் அதைச் சரிசெய்துவிட்டு, 5 ரூபாய் 12 அணா கூலியை வாங்க மறந்துபோகிறார். அந்தப் பாக்கிக்காகப் பின்தொடர்ந்து போவதில் காதல் முளைக்கிறது. இங்கே பழுது சோகத்துக்கு வித்தாகவில்லை. ஒர்க் ஷாப்புக்கு அது வாடிக்கை, கதைக்கு முகூர்த்தம். இந்தப் படம் ஓகோவென்று ஓடியது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பவர்கள், ஒரே யந்திரம் ஒரே ஆண்டில் அழவும் சிரிக்கவும் வைத்த விசித்திரத்தை உணர்வார்கள். எனக்குக் கட்டக்கின் வண்டியே நெருக்கமானது என்றாலும், கிஷோர் குமாரின் வண்டியை வெறுக்கக் கல்நெஞ்சம் வேண்டும்.

அமெரிக்கர்கள் இதே சாதனத்தைத் தலைகீழாக்கினார்கள். 1968ஆம் ஆண்டின் கடைசியில் டிஸ்னி கம்பெனி வெளியிட்ட, ராபர்ட் ஸ்டீவன்ஸன் இயக்கிய 'தி லவ் பக்' படத்தில் ஹெர்பி என்ற வெள்ளை வோக்ஸ்வேகன் பீட்டில் ஓட முடியாமல் நிற்கவில்லை. ஓட்டுகிறவனுக்கு அடங்காமல் தன் இஷ்டப்படி ஓடுகிறது. எந்த வண்டியை நடிக்கவைப்பது என்று தீர்மானிப்பதற்காக ஸ்டூடியோ வாசலில் பலவகைக் கார்களை நிறுத்திவைத்து, வழியோடு போகும் ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்ததாகவும், மற்றவற்றின் டயரை உதைத்துப் பார்த்தவர்கள் பீட்டிலை மட்டும் தடவிக்கொடுத்ததாகவும் ஒரு செய்தி பிரசித்தம். நெற்றியில் இட்ட 53 என்ற எண், பேஸ்பால் ஆட்டக்காரர் டான் டிரைஸ்டேலின் சட்டை எண். தானாக ஓடுவதுபோன்ற காட்சிகளுக்காக, பின் ஸீட்டில் ஆள் பதுங்கி உட்கார்ந்து ஓட்டும்படி சில வண்டிகளை மாற்றி அமைத்தார்கள். எஜமானன் லம்போர்கினி ஒன்றை வாங்கிவிட்டான் என்று கண்டு மனமுடைந்த ஹெர்பி, ஸான்பிரான்ஸிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்திலிருந்து குதித்து உயிரைவிடப் பார்க்கும் கட்டம் ஹாஸ்யப் படத்தில் எதிர்பாராத கனம் கொண்டது. இறுதிப் பந்தயத்தில் உடல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி முதலாவதாகவும் மறு பாதி மூன்றாவதாகவும் எல்லையைக் கடக்கிறது! படம் முழுவதிலும் வோக்ஸ்வேகன் என்ற பெயர் உச்சரிக்கப்படுவதே இல்லை.

பழுதுக்கும் பிரியத்துக்கும் உள்ள உறவு திரைக்கு வெளியிலும் வேலை செய்யும் என்பதற்கு டெலோரியன் காரின் வரலாறு நல்ல திருஷ்டாந்தம். ஜெனரல் மோட்டார்ஸில் உயர் பதவி வகித்த ஜான் டெலோரியன், பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பெரும் பொருளுதவியோடு வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்டை அடுத்த டன்மரியில் தொழிற்சாலை கட்டினார். இத்தாலியின் ஜியூஜியாரோ உருவம் வகுத்தார். வர்ணம் பூசாத எவர்சில்வர் உடல். பறவை இறக்கையை விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். தோற்றத்துக்குத் தக்க பலம் எஞ்சினுக்கு இல்லை. 1981 தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 9,000 வண்டிகள் வெளிவந்த நிலையில் கம்பெனி திவாலாயிற்று. 1982 அக்டோபரில் டெலோரியன் போதைப்பொருள் வழக்கில் கைதானார். 1984இல் நிரபராதி என்று விடுதலையானார். அதற்கு அடுத்த ஆண்டு ராபர்ட் ஸெமிக்கிஸ் இயக்கிய 'பேக் டு தி ஃப்யூச்சர்' வெளிவந்தது.

அந்தப் படத்தின் காலயந்திரம் ஆரம்ப கால எழுத்துப் பிரதிகளில் ஒரு குளிர்பதனப் பெட்டியாக இருந்தது. குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் பெட்டிக்குள் புகுந்துகொண்டால் என்ன ஆவது என்ற கவலையும், ஓடும் யந்திரமாயிருந்தால் சௌகரியம் என்ற யோசனையும் அதைக் காராக மாற்றின. 1955ஆம் ஆண்டுக்குள் வந்து விழும் அதன் இறக்கைக் கதவுகளைக் கண்டு, குடியானவக் குடும்பம் ஒன்று வேற்றுக் கிரகத்து விமானம் வந்துவிட்டது என்று நடுங்கும் வேடிக்கைக்கு வேறு எந்தக் காரும் பொருந்தியிராது. காலத்தைக் கடக்க மணிக்கு 88 மைல் வேகம் வேண்டும் என்பது கதை. ஆனால் அமெரிக்க அரசின் அந்நாளைய விதிப்படி டெலோரியனின் வேகமானியில் 85க்கு மேல் எண்ணே கிடையாது. படத்துக்காக அதை மாற்ற வேண்டியிருந்தது. இவ்வளவு விஞ்ஞான ஆடம்பரமும் செய்த பிறகு, உச்சக் கட்டத்தில், யந்திரத்துக்குச் சக்தி ஊட்ட வேண்டிய மின்னல் விழ இன்னும் சிறிது நேரமே இருக்கையில், எஞ்சின் நின்றுபோகிறது. கதாநாயகன் மார்ட்டி ஆத்திரத்தில் ஸ்டீயரிங்கில் தலையை மோதிக்கொள்கிறான்; வண்டி கிளம்பிவிடுகிறது. அதுவரை அலங்காரப் பொருளாக இருந்தது அந்த இடத்தில்தான் பாத்திரமாகிறது. சந்தையில் விலைபோகாத குற்றத்தைக் கதாசிரியர்கள் மறைக்காமல் எடுத்துக் கதைக்குள் வைத்தார்கள். செத்துப்போன கம்பெனியின் வண்டியை உலகம் பூராவும் சிறுவர்கள் அடையாளம் சொன்னார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணத்தை வாசகர்கள் இந்நேரம் மனத்தில் கொண்டிருப்பார்கள். 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5க்கு என்ன பழுது? ஒன்றுமில்லை. கென் ஆடம் என்ற கலை இயக்குநரும் ஜான் ஸ்டியர்ஸ் என்ற தந்திரக்காட்சி நிபுணரும் அதில் யந்திரத் துப்பாக்கி, சுழலும் நம்பர் பலகை, எதிரியைக் கூரை வழியே தூக்கியெறியும் ஸீட் முதலிய அத்தனையையும் பொருத்தினார்கள். பொத்தானை அழுத்தினால் அவை தவறாமல் வேலை செய்கின்றன. கடைசியில் அது சுவரில் மோதுவதுகூட, தன் விளக்கொளியே கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்ததைக் கண்டு கதாநாயகன் பாண்ட் ஏமாந்ததால்தான். அதன் புகழ் உண்மை. 1965இல் கார்கி கம்பெனி செய்த அதன் சிறு பொம்மை லட்சக்கணக்கில் விற்றது. எனினும் அந்தப் பிரியம், வீரனுடைய வாளின்மேல் நாம் கொள்ளும் பிரியத்தின் ஜாதியைச் சேர்ந்தது. அதை வைத்துக்கொள்ள விரும்புகிறோம்; அதற்காகக் கவலைப்படுவதில்லை. 1968ஆம் ஆண்டின் 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங்கும் இந்த ஜாதியே. பத்து நிமிஷத் துரத்தலில் எதிரியின் டாட்ஜ் வண்டி, தனக்கு உள்ள நான்கு சக்கர மூடிகளுக்கும் அதிகமாகவே மூடிகளை உதிர்க்கிறது. எடிட்டிங்குக்கு ஆஸ்கார் பரிசு பெற்ற படத்தில் இப்படி ஒரு வேடிக்கை.

தொலைக்காட்சியில் நிலைமை வேறு. சினிமா இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் அதில் பழுது வளர்ந்து மரணம் வரை செல்லலாம்; தொடரிலோ அடுத்த வாரமும் அதே வண்டி வந்து நிற்க வேண்டும். ஆகவே அங்கே பழுது சம்பவமாக இல்லாமல் சுபாவமாக மாறுகிறது. துப்பறியும் கொலம்போவின் மங்கிய பீஜோ 403, நடிகர் பீட்டர் ஃபாக்கே ஸ்டூடியோக் கிடங்கின் மூலையில் கண்டு தேர்ந்தது. செல்வர் மாளிகை வாசலில் அது இருமிக்கொண்டு வந்து நிற்கும்போதே கொலைகாரன் அதன் சொந்தக்காரரைக் குறைவாக எடைபோட்டுவிடுகிறான். தொடரின் சூத்திரமே அதுதான். நம் வீடுகளில் குழந்தைகள் வரை அறிந்த மிஸ்டர் பீனின் பச்சை மினிக்குக் கதவில் தாழ்ப்பாளும் பூட்டும். கடையில் வாங்கிய சாமான்களால் உள்ளே இடமில்லாமற்போக, கூரைமேல் நாற்காலியைக் கட்டி, அதில் உட்கார்ந்து, துடைப்பக் கம்பாலும் கயிற்றாலும் அதை ஓட்டி வரும் அத்தியாயம், ஊமைப்பட காலத்து மேதைகள் கண்டிருந்தால் பொறாமைப்பட்டிருக்கக்கூடியது.

பழுதில்லாமலே வாகனத்தைப் பாத்திரமாக்க வேறொரு குறுக்குவழி உண்டு. அதற்கு வாய் கொடுத்துவிடுவது. 1982இல் தொடங்கிய 'நைட் ரைடர்' தொடரின் கிட் என்ற கறுப்பு போன்டியாக் சாதுரியமாகப் பேசுகிறது; குரல் கொடுத்த வில்லியம் டேனியல்ஸ் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ரசிக்கத்தக்கதே, ஆனால் ரசிப்பது நடிகரின் குரலைத்தான். இதைவிட ஆராயத்தக்கது 1979 முதல் 1985 வரை ஓடிய 'தி ட்யூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்'. அதன் நாயகர்களின் ஆரஞ்சு நிற டாட்ஜ் சார்ஜருக்கு ஜெனரல் லீ என்று பெயர். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாகாணங்களின் கொடி அதன் கூரையில் தீட்டப்பட்டிருந்ததால், 2015இல் அமெரிக்காவில் எழுந்த கண்டனங்களுக்கிடையே மறு ஒளிபரப்பும் பொம்மை விற்பனையும் நிறுத்தப்பட்டன. அந்த வண்டிக்குக் காயமே படுவதில்லை. ஓடையைத் தாண்டுகிறது, ரயில் பாதையைத் தாண்டுகிறது, கீழே விழுந்த மறு கணம் கீறலின்றி ஓடுகிறது. உண்மையில் அந்த உயரத்திலிருந்து விழும் ஒவ்வொரு சார்ஜரும் சட்டம் வளைந்து, மறுபடி பயன்படாமல் குப்பைக்குப் போயிற்று; விழும் கணத்தில் படத்தை வெட்டி, வேறொரு வண்டியை ஓடவிட்டு ஒட்டினார்கள். இவ்வாறு செலவழிந்தவை ஏறக்குறைய 300 என்பார்கள். கடைசிப் பருவத்தில் செலவைக் குறைக்க எண்ணி, வானொலி அலையால் இயங்கும் சிறு பொம்மை வண்டிகளைத் தாவவிட்டுப் படம்பிடித்தபோது ரசிகர்களுக்கு அது ருசிக்கவில்லை. உண்மை வண்டிகள் நொறுங்கியதைத் திரையில் எவரும் கண்டதில்லை. பொம்மை தாவியதை எல்லோரும் கண்டுகொண்டார்கள்.